தம்பெரே வாடிக்கையாளர் நேரில் அழைத்திருக்கிறார்: பின்லாந்தில் எப்படி நடந்துகொள்வது?

வார்ப்பட்டறை (கோவை) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கணபதியில் எங்களுக்கு ஒரு பவுண்டரி இருக்கிறது. அப்பா தொடங்கியது. பம்ப் உறைகளில் ஆரம்பித்து, இப்போது கனரக இயந்திரங்களுக்கான எஸ்.ஜி. இரும்பு (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு வகை) வார்ப்புகள் வரை வந்திருக்கிறோம். பின்லாந்தின் தம்பெரே நகரிலுள்ள ஓர் இயந்திர நிறுவனம் எங்களிடம் மாதிரி வார்ப்புகள் வாங்கிச் சோதித்துவிட்டு, இப்போது நேரில் வரச் சொல்லியிருக்கிறது. ஜெர்மானியர்களோடும் இத்தாலியர்களோடும் வியாபாரம் செய்த பழக்கம் உண்டு. இவர்கள் மட்டும் பிடிபடவே இல்லை.

சென்ற மாதம் காணொலிக் கூட்டம் நடந்தது. எதிரில் நான்கு பேர். முழு நேரமும் நான் மட்டுமே பேசினேன். கேள்விகள் உண்டா என்று கேட்டதற்குச் சற்று நேரம் பதிலே இல்லை. பிறகு தரப் பிரிவுத் தலைவராக இருக்கும் பெண்மணி, "நன்றி, தெளிவாக இருந்தது" என்றார். அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது. ஆர்டர் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல்: ஜூன் முதல் வாரம் புதன்கிழமை, 9.00 முதல் 14.30 வரை கூட்டமும் ஆலையைச் சுற்றிப் பார்ப்பதும், இடையில் 11.00 மணிக்கு மதிய உணவு, 17.00 மணிக்கு ஏரிக்கரையில் சவுனா, அதாவது அவர்களுடைய வெப்பக் குளியல். ஒரு வரவேற்புச் சொல்கூட இல்லை.

என் சந்தேகங்கள்: அதே வாரத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்கு வைத்திருக்கிறார்கள். பயணத்தை ஜூன் கடைசிக்கோ ஜூலைக்கோ தள்ளிவைக்கக் கேட்கலாமா? அப்பாவும் வருகிறேன் என்கிறார். வயது 68, சைவம், ஆங்கிலம் கொஞ்சம்தான். அழைத்துப் போவது முறையாக இருக்குமா? பொன்னாடையும் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும் எடுத்துச் செல்ல நினைக்கிறோம். பேரம் பேசுவார்கள் என்று விலையில் எவ்வளவு இடம் விட்டு வைக்க வேண்டும்? சவுனாவில் உடை எதுவும் கிடையாது என்கிறார்களே, உண்மையா?

ஹெர்வந்தாக்காரி (தம்பெரே) எழுதுகிறார்:

அந்த ஐந்து வரி மின்னஞ்சல்தான் இந்த ஊர்ப் பூரண கும்பம். மாலையில் சவுனா என்று நேரம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்கள் வார்ப்புகள் சோதனையில் தேறிவிட்டன. பிடிக்கவில்லை என்றால் இரண்டு வரியில் சொல்லி முடித்திருப்பார்கள். சுற்றி வளைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

நான் பெருந்துறைப் பக்கம் பிறந்தவள். தம்பெரேயில் மேற்படிப்பு முடித்து, இங்கேயே ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் விற்க வருகிறீர்கள், நான் வாங்கும் பக்கத்தில் உட்காருகிறவள். நம் ஊர்களிலிருந்து வரும் சப்ளையர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை எதிர் நாற்காலியிலிருந்து நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன்.

முதலில் விலை. இங்கே ஒருவர் விலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் பேசாமல் இருப்பார்கள். தாளைப் பார்ப்பார்கள். காப்பியை ஒரு வாய் குடிப்பார்கள். அது மறுப்பு இல்லை. சொன்னதைக் கணக்குப் போடுகிறார்கள். நம்மவர்களுக்கு அந்த அமைதி தாங்காது. "சார், உங்களுக்காக இன்னும் மூன்று சதவீதம் குறைக்கலாம்" என்று தாமாகவே ஆரம்பிப்பார்கள். நாங்கள் வாயே திறந்திருக்க மாட்டோம், விலை இரண்டு படி இறங்கியிருக்கும். வாங்குபவளுக்கு இது லாபம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. அவர்கள் போன பிறகு எங்கள் அறையில் எழும் கேள்வி, "அப்படியானால் முதலில் சொன்ன விலை என்ன விலை?" என்பதுதான். அதன் பிறகு அவர்களுடைய தர அறிக்கையையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். பேரத்துக்கென்று இருபது சதவீதம் ஏற்றி வைக்காதீர்கள். மூலப்பொருள், உருக்கும் மின்சாரம், பேட்டர்ன் செலவு, மெஷினிங், பேக்கிங், கப்பல் என்று பிரித்துக் காட்டுங்கள். பிரித்துக் காட்டிய விலையில் அவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்ட இடத்தில் மட்டும் பேசுங்கள். மற்ற நேரத்தில் நீங்களும் காப்பி குடியுங்கள்.

இரண்டாவது, இதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரியது: "பார்த்துக்கொள்ளலாம்", "ஆகிவிடும்", "பிரச்சினை இல்லை" ஆகிய மூன்றையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நமக்கு அவை மரியாதைச் சொற்கள். எதிரில் இருப்பவரின் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். இங்கே அவற்றை அப்படியே குறித்துக்கொள்வார்கள். கூட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ ஒரு குறிப்பு வரும்: யார், எதை, எந்தத் தேதிக்குள். அதில் உங்கள் பெயருக்கு எதிரே "12 வாரம்" என்று இருந்தால் 12 வாரம்தான். 16 வாரம் ஆகும் என்று தெரிந்தால் 16 என்றே சொல்லுங்கள், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள், உற்பத்தித் திட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். 12 என்று சொல்லிவிட்டு பதினொன்றாவது வாரம் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதுதான் மன்னிப்பு இல்லாத குற்றம். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஆரம்பித்தபோது ஏறக்குறைய இரண்டு வாரம் கூடியது. கப்பல் கிளம்பும் முன்பே "தாமதமாகும், காரணம் இது, புதிய தேதி இது" என்று எழுதிய சப்ளையர்கள் இன்றும் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

தரத்திலும் அப்படித்தான். ஒரு வார்ப்பில் ப்ளோ ஹோல் (வாயு சிக்கி உண்டாகும் துளை) இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். படம் எடுத்து, காரணம் எழுதி, எத்தனை உருப்படிகளை ஒதுக்கினீர்கள் என்று நீங்களே அனுப்புங்கள். ஈஎன் 10204 வகை 3.1 என்னும் பொருள் சோதனைச் சான்றிதழை ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒருமுறை உருக்கும் இரும்புக்கும்) ஒழுங்காக வைத்திருங்கள். உங்கள் காட்சிப்படங்களில் "உலகத் தரம்", "முன்னணி நிறுவனம்" என்றெல்லாம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தச் சொற்களைப் பார்த்தால் இவர்கள் கூச்சத்தில் நெளிவார்கள். அந்த இடத்தில் உங்கள் கழிவு விகிதத்தை, ஏறி இறங்கிய மாதங்களையும் மறைக்காமல், ஒரு வரைபடமாகப் போடுங்கள்.

இன்னொன்று, தலையை ஆட்டுவது. பக்கவாட்டில் நாம் ஆட்டும் ஆட்டம் ஆமாவா இல்லையா என்று இவர்களுக்கு இன்றுவரை புரியவில்லை. வாயால் சொல்லிவிடுங்கள்.

தேதியைத் தள்ளிவைப்பது பற்றி: ஜூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமை யுஹன்னுஸ், கோடை நடுத் திருநாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே நகரம் காலியாகிவிடும். எல்லோரும் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு ஜூலை முழுக்க விடுமுறைதான். நான்கு வாரம் தொடர்ந்து எடுப்பது இங்கே சாதாரணம். முடிவெடுக்க வேண்டிய நால்வரில் இரண்டு பேராவது ஏதோ ஒரு தீவில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தள்ளினால் ஆகஸ்ட் நடுப்பகுதிதான். குடமுழுக்குதான் காரணம் என்று வெளிப்படையாக எழுதலாம், குடும்பக் காரணத்தை மதிப்பார்கள். ஆனால் உங்கள் ஆர்டர் இரண்டு மாதம் தள்ளிப்போகும். என் கருத்தைக் கேட்டால், ஜூன் முதல் வாரமே வாருங்கள்.

அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். 9.00 என்றால் 8.55க்கு வரவேற்பறையில் இருங்கள். 8.30க்கே போய் நிற்பதும் தொந்தரவுதான். டை வேண்டாம், நல்ல சட்டை, கால்சட்டை போதும். வந்திருப்பவர் எல்லோருக்கும் கை கொடுங்கள், கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லி. "சார்", "மேடம்" வேண்டாம். நிர்வாக இயக்குநரைக்கூட முதல் பெயரில்தான் அழைப்பார்கள். காப்பியை யாரும் ஊற்றித் தர மாட்டார்கள். குடுவை மேசையில் இருக்கும், நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கிலோ காப்பிக்கொட்டை செலவாகும் நாடு இது. நம் நாக்குக்கு அது வெந்நீர்தான், ஆனால் மறுக்காதீர்கள். 14.30 என்றால் 14.30க்கு எழுந்துவிடுவார்கள். குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர மேலாளரே நான்கு மணிக்கு ஓடுவார். உங்களை மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தத் தரப் பிரிவுத் தலைவர் விஷயத்தில் கவனம். கேள்வியை அவர் கேட்பார். நம் ஊர்ப் பெரியவர்கள் பதிலைப் பக்கத்தில் இருக்கும் ஆணைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த ஆண் பயிற்சிக்கு வந்த மாணவனாக இருப்பான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கூட இருந்த எனக்கே உடல் கூசியது. 1906இலேயே பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் கொடுத்து, மறு ஆண்டே 19 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய நாடு இது. உங்கள் வார்ப்பு உள்ளே வருமா வராதா என்பதில் கடைசிக் கையெழுத்து அநேகமாக அவருடையதாகத்தான் இருக்கும்.

வெள்ளிக் குத்துவிளக்கு வேண்டவே வேண்டாம். கொள்முதலில் இருப்பவர்கள் விலை உயர்ந்த எதையும் வாங்கக்கூடாது என்று நிறுவனங்களில் விதி இருக்கிறது. கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் சங்கடத்தில் அவர்களை மாட்டிவிடுவீர்கள். பொன்னாடையும் வேண்டாம், எல்லோர் முன்னிலையிலும் ஒருவரை நிற்க வைத்துப் போர்த்தினால் அந்த மனிதர் தரைக்குள் புகுந்துகொள்ள இடம் தேடுவார். போடி ஏலக்காய் இரண்டு பாக்கெட், நன்றாக மூடி முத்திரையிட்டது, கொண்டு வாருங்கள். இங்கே காப்பியோடு சாப்பிடும் புல்லா என்ற ரொட்டியில் ஏலக்காய் இல்லாமல் இருக்காது. ஏலக்காய் காய்க்கும் ஊரிலிருந்து அது வந்தது என்று தெரிந்தால் காப்பி அறையில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்கள். தனி ஒருவருக்கு என்று தராமல், குழுவுக்கு என்று மேசையில் வைத்துவிடுங்கள்.

சவுனாவில் ஆண்கள் பகுதி எப்படி என்பதை ஆண் ஒருவர் சொல்வதே சரி. இங்கே யாராவது வருவார்கள்.

ஓய்வு பெற்றவன் (ஸ்ரீபெரும்புதூர்) எழுதுகிறார்:

அம்மா நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் படித்தால் ஏதோ துறவிகள் மடத்துக்குப் போவதுபோல் பயம் வருகிறது. நான் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் தயாரிப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன். 2006இல் நோக்கியா ஆலை இங்கே உற்பத்தி தொடங்கியதிலிருந்து 2014 நவம்பரில் மூடியதுவரை பின்லாந்துக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். இரவுப் பணியில் இயந்திரம் பழுதானால் எங்களோடு தரையில் உட்கார்ந்து விடியும்வரை பார்ப்பார்கள். நன்றாகச் சிரிப்பார்கள். அவர்கள் நகைச்சுவையைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, அதனால் நமக்குத்தான் தாமதமாகப் புரியும்.

நான் கவனித்தது வேறொன்று. அவர்கள் மேலாளரிடம் கேட்க மாட்டார்கள். நேராக வேலை செய்கிற ஆபரேட்டரிடம் போய், "இது ஏன் இப்படி நிற்கிறது?" என்பார்கள். மேலாளர் குறுக்கே புகுந்து பதில் சொன்னால் காது அங்கே இருக்காது. எவன் கையில் கறை இருக்கிறதோ அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆகையால் அப்பாவை அழைத்துப் போவது முறையா என்று கேட்கவே வேண்டாம். உலை முன்னால் நின்றவர் அவர்தானே? ஆங்கிலம் கொஞ்சம் போதும். நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அவர்களும் ஆங்கிலத்தில் அளந்துதான் பேசுகிறவர்கள். மணல் ஈரம் பற்றி, மெக்னீசியம் சேர்க்கும் நேரம் பற்றி அவரிடம் கேட்கட்டும். உங்கள் காட்சிப்படத்தைவிட அது எடுபடும். அவரை வெறும் மரியாதைக்கு ஓரத்தில் உட்கார வைத்துவிட்டால்தான் தவறு. "முதலாளி, ஆனால் பேச மாட்டார்" என்று ஒருவர் இருப்பது அவர்களுக்குப் புரியாது.

வந்தாவாசி (வந்தா, பின்லாந்து) எழுதுகிறார்:

வணக்கம் அண்ணை. பெயரைப் பார்த்துத் தொண்டை மண்டலம் என்று நினைக்க வேண்டாம். ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் இருக்கிற வந்தா நகரத்துக்காரன், சொந்த ஊர் பருத்தித்துறை. கட்டடப் பராமரிப்பு வேலை. சவுனா அடுப்புப் பழுது பார்ப்பதும் அதில் அடக்கம், ஆகவே இந்த விடயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

உடை இல்லை என்பது உண்மை. ஆண்கள் தனி, பெண்கள் தனி. வேலைத்தலத்து சவுனா மாலைகளில் ஒரு பகுதியினர் முதலில் போய்வருவார்கள், மற்றவர்கள் பிறகு போவார்கள். இரு பாலரும் சேர்ந்து போகும் பொது சவுனாக்களில் மட்டும் நீச்சலுடை. முதலில் நன்றாகக் குளித்துவிட்டு, உட்காருவதற்கு ஒரு சிறு துவாய் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒருவரும் ஒருவரையும் பார்க்கமாட்டார்கள். சிறு வயதிலிருந்து தகப்பனோடும் பாட்டனோடும் போய்ப் பழகினவர்கள். அவர்களுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் துவாயைச் சுற்றிக்கொண்டு இருங்கள், அல்லது "நான் வெளியில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு முறைதான் கேட்பார்கள், வற்புறுத்தமாட்டார்கள். நம் ஊரில் மூன்றாம் முறை கேட்கும்போது சம்மதிப்போம் என்று காத்திருக்கிற வழக்கம் இங்கே உதவாது. கோப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று முதல் தரமே சொல்லிவிடுங்கள்.

மேல் படியில் சூடு அதிகம், 80 பாகை, 90 பாகை என்று இருக்கும். முதல் தரம் போகிறவர் கீழ்ப் படியில் இருப்பது நல்லது. கல்லில் தண்ணீர் ஊற்றும் முன் மற்றவர்களைக் கேளுங்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஏதும் இருந்தால் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தாங்கவில்லை என்றால் எந்த நிமிடமும் எழுந்து வெளியே வரலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. பிறகு ஏரியில் முங்கிவிட்டு வருவார்கள். ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் இன்னும் குளிர்தான். அதற்குப் பிறகு தணலில் வாட்டின தொத்திறைச்சி, பியர், இல்லையென்றால் லொங்கெரோ: 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்காக வந்த பானம், ஜின்னும் கிரேப்ஃப்ரூட் (பெரிய புளிப்பு ஆரஞ்சு போன்ற பழம்) சோடாவும் சேர்ந்தது. குடிக்காதவர்களுக்கு மதுவில்லாத பானங்கள் எப்போதும் இருக்கும்; ஏன் குடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார்.

உள்ளே வியாபாரம் கதைக்க வேண்டாம். சும்மா இருப்பதும் அங்கே ஒரு மரியாதைதான். 56 இலட்சம் மக்களுக்குச் சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் இருக்கிற நாடு; 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஜனாதிபதி கெக்கோனன் சோவியத் தலைவர் குருஷேவையே சவுனாவுக்கு அழைத்துப் போனவர். ஆனால் உங்கள் ஆர்டரில் அங்கே கையெழுத்து விழாது. கூட்ட அறையில் கல் மாதிரி இருந்த மனிதர் சவுனா முடிந்த பிறகு தன் பிள்ளைகள், படகு, விவாகரத்து எல்லாம் சொல்லக்கூடும். அடுத்த நாள் காலையில் மீண்டும் "ஹெய்" (வணக்கம்) மட்டும்தான். முதல் இரவு நெருக்கமாகக் கதைத்தவர் கோபித்துக்கொண்டார் என்று பயப்பட வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஒரு பிள்ளைதான் என்றெல்லாம் நாங்களாகக் கேட்பது கூடாது. பஸ்ஸில் ஓர் இருக்கை விட்டுத்தான் இருப்பார்கள். வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுவது வழக்கம், இது எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; கிழியாத காலுறையாகப் போட்டுக்கொண்டு போனால் போதும்.

வார்ப்பட்டறை (கோவை) எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. குடமுழுக்குக்குத் தம்பியை முன்னிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. ஜூன் முதல் வாரம் வருகிறோம் என்று இரண்டே வரியில் பதில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் "நல்லது, புதன்கிழமை பார்ப்போம்" என்று வந்துவிட்டது. அப்பாவுக்கு மணல் கேள்வி விஷயத்தைச் சொன்னதும் பழைய ஹீட் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் சில ஐயங்கள். அவருடைய சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வேட்டிதான் கட்டுவேன் என்கிறார், சரிவருமா? புதன்கிழமைக்கு முன்னும் பின்னும் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? ஹெல்சிங்கியிலிருந்து எப்படி வருவது?

ஹெர்வந்தாக்காரி (தம்பெரே) எழுதுகிறார்:

பத்து நிமிடத்தில் பதில் வந்ததா? நல்ல அறிகுறி.

சாப்பாடு: "என் தந்தை சைவம்; இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டார்; பால் பொருட்கள் சாப்பிடுவார்" என்று இன்றே எழுதிவிடுங்கள். இப்படிப் பட்டியலாகச் சொல்வது அவசியம், வெறும் சைவம் என்றால் சிலர் மீன் கொண்டுவந்து வைப்பார்கள். சொல்லிவிட்டால் தட்டில் பெயர் எழுதி வைக்கும் அளவுக்குக் கவனமாக இருப்பார்கள். ஆலை உணவகத்தில் தட்டை நாமே எடுத்து, பரிமாறிக்கொண்டு, சாப்பிட்ட பிறகு நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். நிர்வாக இயக்குநரும் அதே வரிசையில்தான் நிற்பார். அப்பாவின் தட்டை நீங்கள் தூக்குவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பெரியவர்கள் பால் குடித்தபடி சாப்பிடுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பீமா என்று ஒன்று இருக்கும், நம் கெட்டி மோர்தான், உப்பு மட்டும் கிடையாது. அப்பா அதை வைத்துச் சமாளித்துவிடுவார். வியாழக்கிழமை தங்கினால் பல உணவகங்களில் பட்டாணி சூப்பு இருக்கும். பார்க்கச் சைவம்போல இருக்கும், உள்ளே பன்றி இறைச்சி கிடக்கும், கேட்காமல் எடுக்க வேண்டாம். இந்த ஊரின் பெருமை முஸ்தமக்கரா, ரத்தத்தில் செய்யும் தொத்திறைச்சி. தம்மெலா சந்தையில் லிங்கன்பெர்ரி ஜாமோடு விற்பார்கள். அது உங்களுக்கு, அப்பாவுக்குக் காட்டவே வேண்டாம்.

வேட்டி: ஆலைக்குள் முடியாது. பாதுகாப்புக் காலணி, கண்ணாடி, ஒளிரும் மேலங்கி கொடுப்பார்கள், கால்சட்டை கட்டாயம். மாலை ஏரிக்கரைக்கு வேட்டியில் தாராளமாக வரட்டும். குளிருக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். ஜூன் என்றாலும் ஏரிக் காற்று குத்தும்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அப்பாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போகும். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, இது பின்லாந்தின் மான்செஸ்டர். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக மன்ஸே என்றே அழைப்பார்கள். ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820இல் வேகமாகப் பாயும் தம்மெர்கோஸ்கி ஆற்றின் கரையில் தொடங்கிய ஆலை பிறகு பெரிய பருத்தி ஆலையாக வளர்ந்தது. இரண்டு ஏரிகளுக்கு இடையே 18 மீட்டர் உயர வேறுபாடு, நடுவில் பாயும் நீர். ஆலைகள் எல்லாம் அந்த விசையில்தான் வளர்ந்தன. 1882இல் வட ஐரோப்பாவிலேயே முதல் மின்விளக்குகளில் சில எரிந்தது இந்த ஆலையின் நெசவுக்கூடத்தில்தான். சிவப்புச் செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. உள்ளே இப்போது உணவகங்களும் அலுவலகங்களும். சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுபோனால் அப்பாவை இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கோவை ஆலைகள் எப்படி மூடின என்று அவர் சொன்னால் அவர்களும் தங்கள் தாத்தா பாட்டி கதையைச் சொல்வார்கள். இல்லையென்றால் ஐஸ் ஹாக்கி. 2022இல் உலக சாம்பியன் பட்டத்தை இதே ஊரில் கனடாவை வென்று வாங்கினார்கள். ஆனால் தப்பரா, இல்வெஸ் என்று உள்ளூரில் இரண்டு அணி உண்டு. எது சிறந்தது என்று மட்டும் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பணியாளர்களுக்கு டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. சாலையில் வண்டியே வராவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். இரவு பதினொரு மணி வாக்கில்தான் சூரியன் மறையும், அப்புறமும் முழு இருட்டு வராது. அப்பாவுக்குக் கண்மூடும் துணி ஒன்று வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ரயில்: ஹெல்சிங்கி நகருக்குள் போக வேண்டியதில்லை. விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் திக்குரிலாவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. திக்குரிலாவில் தம்பெரே ரயில் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். டிக்கெட்டை விஆர் (பின்லாந்து ரயில் நிறுவனம்) செயலியில் முன்கூட்டியே எடுத்தால் விலை குறைவு. விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று பார்த்து, முதல் ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை மாலையே வந்து சேர்ந்துவிடுவது நல்லது.